முற்றத்துக் கல்லிடுக்கில் எந்தச் செடி நிற்கும்? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பால்காய்ச்சு அன்று எல்லா வீட்டு முற்றமும் பச்சையாகத்தான் இருக்கிறது. பெரிய பெரிய தந்தூர் கல், நடுவில் மூன்று விரல் இடைவெளி, அந்த இடுக்கில் முந்தின நாள் பதித்த புல். அடுத்த ஐப்பசி மழை முடிந்து அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாதி இடுக்கில் கோரை முளைத்து நிற்கும். மீதி இடுக்கில் மண் கரைந்து போய், கல்லின் ஓரம் பல் தெரிகிற மாதிரித் தெரியும். "பேசாம பிளாஸ்டிக் புல்லை ஒட்டிரலாம்னு பாக்கேன்" என்பார் வீட்டுக்காரர்.

ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் புல் வெயிலில் சுடும், மழையில் அடியில் சகதி சேரும், சில வருடத்தில் நார்நாராகப் பிரிந்து மண்ணோடு கலக்கும். கல்லுக்கு நடுவில் இடைவெளி விடுவதன் பெரிய பயனே மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. அந்தத் தண்ணீர் முழுக்க ரோட்டுக்கு ஓடிவிட்டால் மாசி, பங்குனியில் கிணறு எப்படி நிறையும்?

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு தடவை நட்டுத் தோற்று, மூன்றாவது தடவை நிலைத்தது. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் பல இடங்களில் நட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் கற்றது இவ்வளவுதான்: செடியை நர்சரியில் நின்று தேர்வு செய்யக்கூடாது, உங்கள் முற்றத்தில் நின்று தேர்வு செய்ய வேண்டும். நல்ல செடிகளில் பல உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே, குளக்கரையிலும் ஒற்றையடிப் பாதையிலும், ஆள் மிதித்து மிதித்தே வளர்ந்துகொண்டிருக்கின்றன.

படி 1: கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரையோ கூரான கம்பியையோ இடுக்கில் குத்துங்கள். தடை இல்லாமல் நான்கு இஞ்ச் இறங்கினால் நீங்கள் பாதி ஜெயித்த மாதிரி. ஒன்றரை இஞ்சில் 'டக்' என்று நின்றால் அடியில் கான்கிரீட் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதல் தடவை நடந்தது அதுதான். "கீழ கான்கிரீட் போட்டாத்தான் கல்லு அசையாது அண்ணே" என்று கல் பதிக்க வந்தவர் சொன்னார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். புல் நட்டு மூன்று மாதம் நன்றாக இருந்தது. தை பிறந்ததும் ஒரே வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது. வேர் போக இடமில்லை. இரண்டு இஞ்ச் கனமுள்ள கல்லுக்கு நடுவே இருந்த கொஞ்ச மண், பத்து மணி வெயிலிலேயே காய்ந்து சுட்டது. அதோடு புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வந்து மண்ணைக் காரமாக்கும். அதைத் தாங்குகிற செடி குறைவு.

இனிமேல்தான் கல் பதிக்கப் போகிறீர்கள் என்றால், கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, அதன்மேல் மூன்று இஞ்ச் சின்னச் சல்லி, அதன்மேல் ஒன்றரை இஞ்ச் பாறைப்பொடி, அதன்மேல் கல். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு இஞ்ச் கனமுள்ள கல் தன் எடையிலேயே அசையாமல் உட்கார்ந்துவிடும். வண்டி ஏறுகிற இடத்தில் மட்டும் கல்லுக்கு நேர் கீழே கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம், இடுக்குக்கு நேர் கீழே போடக்கூடாது. இடுக்கு வருகிற இடத்தில் சல்லியையும் விலக்கிவிட்டு மண்ணோடு சேருகிற மாதிரி ஒரு சின்னச் சால் விடச் சொல்லுங்கள். பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் வாட்டம் இருக்க வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக.

ஏற்கெனவே கான்கிரீட் போட்டுக் கல் பதித்தாகிவிட்டதா? ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடம் என்று உளியால் இடுக்கின் அடியை உடைத்து மண் வரை துளை போடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் வேறு வழி இல்லை. துளை இல்லாத இடுக்கில் கூழாங்கல் நிரப்பிவிடுங்கள்.

இன்டர்லாக் கல் பதித்த முற்றத்தில் இடுக்கே சில மில்லிமீட்டர்தான். அதில் செடி நடமுடியாது. நடை இல்லாத ஓரங்களில் அங்கங்கே ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்து, அந்தக் குழியில் நடலாம். பார்க்கவும் அழகாக இருக்கும்.

இடுக்கின் அகலம் எவ்வளவு? இரண்டு இஞ்ச் போதும், மூன்று இஞ்ச் தாராளம். நான்குக்கு மேல் போனால் பெரியவர்களின் கால் மடங்கும், குடை ஊன்றினால் உள்ளே போகும்.

படி 2: ஒரு நாள் முழுக்க முற்றத்தைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, பதினொன்று, இரண்டு, நான்கரை என்று நான்கு தடவை முற்றத்தில் போய் நில்லுங்கள். கையில் கோலப்பொடியோ சாக்பீஸோ இருக்கட்டும். எந்தக் கல்லில் வெயில் விழுகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். மூன்று, நான்கு கோடு விழுந்த கல்லைச் சுற்றி வெயில் செடி. இரண்டு விழுந்தால் அரைநிழல். ஒன்றோ, ஒன்றுமே இல்லையோ என்றால் நிழல் செடி. பலாவும் அயினியும் மாவும் நிற்கிற வீட்டில் ஒரே முற்றத்திலேயே இந்த மூன்றும் இருக்கும். எல்லா இடுக்கிலும் ஒரே செடி என்று முடிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

அடுத்தது கால். கேட்டிலிருந்து வாசல்படி வரை, வாசலிலிருந்து கிணற்றடி வரை, துணி காயப்போடுகிற கொடி வரை, இந்த மூன்று வழியில்தான் வீட்டில் எல்லாரும் நடப்பார்கள். அங்கே மிதி தாங்குகிற செடிதான் வேண்டும். மற்ற இடங்களில் விருப்பம் போல வைக்கலாம்.

மூன்றாவது தண்ணீர். மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது, கூரைத்தண்ணீர் எங்கே அடித்து விழுகிறது? கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக விழுகிற அந்த ஒரு வரிசை இடுக்கில் எந்தச் செடியும் நிற்காது. அங்கே கூழாங்கல்தான். ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அது ஒரு வரம்.

உங்கள் ஊர் மாவட்டத்தின் எந்தப் பக்கம் என்பதும் கணக்கில் வரும். குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் ஈரமும் நிழலும் அதிகம், அங்கே பாசிதான் பிரச்சினை. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் மழை குறைவு, கணவாய்க் காற்று மண்ணைக் காய வைத்துவிடும். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் மணல், உப்புக்காற்று, சில கிணறுகளில் உப்புத் தண்ணீர். தக்கலையில் எனக்கு நன்றாக வந்த வல்லாரை, ஆரல்வாய்மொழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சித்திரையைத் தாண்டவில்லை.

செடி வைக்கக் கூடாத இடத்தையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். வாசலுக்கு முன்னால் கோலம் போட நாலடிக்கு நாலடி இடுக்கில்லாத தளம் வேண்டும். நல்லமிளகு, தேங்காய் காயப்போடுகிற வீடு என்றால் அதற்கும் ஒரு பகுதி. மிளகு இடுக்கில் போனால் பொறுக்கி எடுக்க முடியாது.

படி 3: செடியைத் தேர்ந்தெடுப்பது

*பொடுதலை.* வெயில் விழுகிற முற்றத்துக்கு என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். குளக்கரையிலும் வயல் வரப்பிலும் படர்ந்து கிடக்கும், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவதற்குப் பறிப்பார்கள், அதே செடி. ஒரு கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை பெருவிரல் நகத்தளவு, நுனிப் பாதியில் மட்டும் பல் பல்லாக வெட்டியிருக்கும், காம்பை ஒட்டிய பாதி வழவழவென்று இருக்கும். பூ, மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. அதன் இடுப்பைச் சுற்றி வளையமாகப் பொடிப்பொடி வெள்ளைப் பூக்கள், நடுவில் கொஞ்சம் ஊதா. நாளாக ஆக உருண்டை நீளும், பூ வளையம் மேலே ஏறும், கடைசியில் சின்னத் திப்பிலி மாதிரி ஆகிவிடும். முக்கியமானது கணு. மண்ணில் படுகிற ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். அதனால்தான் மிதித்தாலும் பிய்த்தாலும் அது சாவதில்லை.

நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் கிடைத்தால் இரண்டு இஞ்சுக்கு மேல் உயராது. நிழலில் வைத்தால் மெலிந்து நீண்டு அசிங்கமாகிவிடும். உப்பைத் தாங்கும், சில நாள் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், வேர் பிடித்த பிறகு கோடையையும் தாங்கும். கடற்கரை ஊர்களுக்கு இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை. குறை இரண்டு. ஒன்று, கல்லின் மேலும் ஏறும். மாதம் ஒரு தடவை கல் ஓரமாகக் கத்தரிக்க வேண்டும். இரண்டு, பூவுக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். எனக்கு அது சந்தோஷம்தான், ஆனால் வெறுங்காலோடு ஓடுகிற சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நடைவழி இடுக்குகளில் மட்டும் பூவை வெட்டிவிடுங்கள்.

*வல்லாரை.* நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு. கிணற்றடி, மரத்தடி, வீட்டின் வடக்குப் பக்கம். ஓடுகொடி விட்டு இடுக்கு வழியே தானாகவே போகும், நீங்கள் கோடு போட்ட மாதிரி நேராக. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: வெளிச்சம் குறையக் குறைய இலைக்காம்பு நீளும். அரைநிழலில் இரண்டு இஞ்ச், அடர்நிழலில் ஐந்தாறு இஞ்ச் வரை போய்விடும். அதனால் இருட்டான மூலைக்கு இது சரிவராது. அடிக்கடி மிதிக்கிற இடத்தில் இலை கிழிந்து போகும். எப்போதாவது கால் படுகிற இடத்தில் வையுங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீர் வேண்டும்.

துவையலுக்குப் பறிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கார் நிற்கிற இடம், சோப்புத் தண்ணீர் ஓடுகிற இடம், நாய் போகிற இடம் என்றால் பறிக்கக்கூடாது. மண்ணில் இருக்கிற கெட்டதையும் வல்லாரை சேர்த்தே உறிஞ்சும். சாப்பாட்டுக்கு ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

*சிறுபுள்ளடி.* இதைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது, பெயர் தெரிந்தவர்கள்தான் குறைவு. பள்ளி மைதானத்திலும் கோயில் வளாகத்திலும் ஒற்றையடிப் பாதையிலும் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும். மூன்று மூன்றாகப் பொடி இலை, ஒவ்வொன்றும் தலைகீழாக வைத்த சின்ன இதயம் மாதிரி. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஊதாப் பூ. பயறு வகைச் செடி என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், உரம் கேட்காது. உயரம் ஒரு இஞ்சுக்கும் கீழே. மிதி தாங்குவதில் பொடுதலைக்குச் சமம். கேட்டிலிருந்து வாசல் வரைக்குமான வழிக்கு இது மிகவும் நல்லது. நர்சரியில் விற்கிறதைப் பார்த்ததில்லை. மழை பெய்த மறுநாள், அனுமதி கேட்டு, உள்ளங்கை அளவு மண்ணோடு பெயர்த்து எடுத்து வரவேண்டும். வேரை உதறி எடுத்தால் பிழைக்காது.

*நீர்ப்பிரமி.* ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம், வாட்டம் தப்பி ஈரம் நிற்கிற மூலை, இங்கே வேறெதுவும் அழுகும், இது செழிக்கும். தடித்த சின்ன இலை, வெளிறிய ஊதா கலந்த வெள்ளைப் பூ. வெயில் வேண்டும். சாறுள்ள செடி, மிதித்தால் நசுங்கி வழுக்கும், ஆகவே நடைவழியில் வேண்டாம்.

*விஷ்ணுகிராந்தி.* தோவாளை, ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வறண்ட முற்றங்களுக்கு. சரளை மண்ணிலும் வெட்டவெளியிலும் வருகிற செடி. சட்டைப் பித்தான் அளவில் நீலப் பூ, காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகிறது, விதை தூவுவதுதான் வழி. மேற்குப் பக்கத்து ஈரத்தில் அழுகிவிடும்.

*புல் வகைகள்.* நர்சரிகளில் கொரியன், மெக்சிகன், பேர்ல், பஃபலோ என்று பல பெயர். பெயர் கடைக்குக் கடை மாறுகிறது, அதனால் இலையைப் பாருங்கள். ஊசி மாதிரி மெல்லிய இலை என்றால் முழு வெயில் கேட்கும், மெதுவாக வளரும், உப்பைத் தாங்கும். விரல் நக அகலத்துக்குப் பட்டை இலை என்றால் அரைநிழலில் நிற்கும், ஈரம் கேட்கும், அடிக்கடி வெட்டவும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவது தோல்வி இதில்தான். பலா மரத்தடிக்கு என்று சொல்லிக் கேட்டும், கடையில் மெல்லிய இலைப் புல்லைக் கொடுத்துவிட்டார்கள். நான்கே மாதத்தில் மொட்டைத் தரை.

அடர்நிழலுக்குக் குட்டை ரக மாண்டோ கிராஸ் இருக்கிறது. கரும்பச்சையாக, கொத்துக் கொத்தாக, இரண்டு மூன்று இஞ்ச் உயரத்தில் நிற்கும். விலை கூடுதல், பரவ ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சின்ன இடத்துக்கு மட்டும் சரி.

பத்துமணிப்பூவும் முறிகூட்டியும் அழகுதான், ஆனால் இரண்டும் மிதி தாங்காது. சுவர் ஓரத்து இடுக்குகளில், பத்துமணியை வெயிலுக்கும் முறிகூட்டியை நிழலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எவற்றை வைக்கவே கூடாது

மஞ்சள் பூ பூக்கிற வெடலியா. சும்மா ஒரு கொம்பை ஒடித்து வைத்தால் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் ஆசையாகக் கொடுப்பார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. முற்றத்தில் தொடங்கி வேலியைத் தாண்டி வாய்க்கால், வயல், ரப்பர் விளை என்று போய்விடும். வாங்காதீர்கள், கொடுக்கவும் செய்யாதீர்கள்.

அறுகம்புல்லும் இடுக்குக்கு வேண்டாம். பிள்ளையாருக்குத் தேவை என்றால் தொட்டியில் வளர்க்கலாம். அதன் தண்டு மண்ணுக்கு அடியில் கல்லைத் தாண்டி அடுத்த இடுக்கில் தலைகாட்டும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் கல்லைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது. தொட்டாவாடி தரையோடு படர்ந்து அழகாகப் பூக்கும்தான், ஆனால் முள். நெருஞ்சியும் அப்படியே.

இன்டர்நெட்டில் கல்லிடுக்குச் செடி என்று தேடினால் தைம், கெமோமைல் போன்ற மணமுள்ள செடிகளின் படங்கள் நிறைய வரும். விதையும் விற்கிறார்கள். அவையெல்லாம் குளிர்நாட்டு வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் பழகியவை. நம் ஊர் ஆனி, ஆடி ஈரத்தில் வேர் அழுகிப் போகும். காசை வீணாக்காதீர்கள்.

படி 4: மண் கலவையும் அளவும்

இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம். அவ்வளவுதான். கடற்கரை ஊரில் மணல் ஏற்கெனவே இருப்பதால் செம்மண்ணைக் கூட்டி மணலைக் குறையுங்கள், கூடவே ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. நிறைய உரம் போட்டால் செடி நெடுநெடுவென்று வளரும், அது இங்கே நமக்கு வேண்டாத குணம். கடல் மணல் சேர்க்கக் கூடாது.

மண்ணைக் கண்டிப்பாகச் சல்லடையில் சலியுங்கள். கோரைக்கிழங்கு ஒன்று உள்ளே போனாலும் வருடக்கணக்கில் அதோடு போராட வேண்டியிருக்கும். கறுப்பாக, கடலைப்பருப்பிலிருந்து நிலக்கடலை அளவு வரை இருக்கும், மண்கட்டி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்தடிக்குப் பத்தடி முற்றம், இரண்டடிக் கல், இரண்டு இஞ்ச் இடுக்கு. நீளவாக்கில் நான்கு, குறுக்கே நான்கு, மொத்தம் 80 அடி இடுக்கு. நான்கு இஞ்ச் ஆழத்துக்கு நிரப்பச் சுமார் நாலரை கன அடி மண், அதாவது காலி சிமெண்ட் சாக்கில் நான்கு சாக்கு. அரை அடிக்கு ஒரு செடி என்றால் 160 நாற்று. நர்சரியில் இதை வாங்கினால் தொகை பெரிதாகும். ஒரு பெரிய தொட்டி நிறையப் பொடுதலையை இரண்டு மாதம் முன்பே வளர்த்துவிட்டால், அதிலிருந்தே இத்தனை கணுவும் கிடைத்துவிடும்.

படி 5: நடுவது

எப்போது? மழை தொடங்கியதும் நடுவதுதான் பலரின் பழக்கம். ஆனால் ஆனி, ஆடி மழையின் வேகத்தில் புது மண் நிற்காது, இடுக்கு வழியே கரைந்து போகும். தென்மேற்கு மழை ஓய்ந்து வடகிழக்கு மழை தொடங்குவதற்கு நடுவில், ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசி வரை கிடைக்கிற நாட்கள்தான் நல்ல நேரம். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் மிதமாக இருக்கும், வேர் பிடிப்பதற்கும் ஐப்பசி மழை வருவதற்கும் சரியாக இருக்கும். கிழக்குப் பக்கத்தில் புரட்டாசிக் கடைசி வரை காத்திருக்கலாம்.

பழைய மண்ணை நான்கு இஞ்ச் தோண்டி எடுத்துவிடுங்கள். புதுக் கலவையை இரண்டு தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணையிலும் ஒரு ரீப்பர் கட்டையால் குத்தித் தண்ணீர் விடுங்கள். மறுநாள் மண் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்புங்கள். கல்லின் மட்டத்திலிருந்து அரை இஞ்ச் தாழ்வாக மண் நிற்க வேண்டும். இந்த அரை இஞ்சை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் எங்கள் முற்றம் மூன்றாவது தடவை நிலைத்ததற்குப் பெரிய காரணம் அதுதான். செருப்பின் பாரம் கல்லில் விழும், செடியின் கழுத்தில் விழாது. வாரியலும் கல்லோடு போய்விடும், குருத்தைப் பிடுங்காது. மழைத்தண்ணீரும் மண்ணை வெளியே தள்ளாமல் அங்கேயே நின்று இறங்கும்.

பொடுதலை, நீர்ப்பிரமி என்றால் நான்கு கணுவுள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரிப் படுக்கவைத்து அழுத்துங்கள். பொடுதலைக்கு எட்டு இஞ்ச் இடைவெளிகூடப் போதும். வல்லாரைக்கு வேரோடு ஒரு கணு, அரை அடிக்கு ஒன்று. சிறுபுள்ளடியையும் புல்லையும் மண்கட்டியோடு பதித்து, உள்ளங்கையால் அமுக்குங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நடுங்கள். நட்டதும் பூவாளியால் தண்ணீர், ஹோஸ் பைப் வேண்டாம்.

படி 6: முதல் இரண்டு மாதம்

செடி பிழைப்பதும் போவதும் இந்த அறுபது நாளில்தான்.

கோழி வளர்க்கிற வீடா? புது மண்ணைக் கண்டால் கோழி ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிடும். இடுக்குகளின் மேல் தென்னை ஓலையை நெடுக்காகக் கிழித்துப் பரப்பி, ஓரத்தில் கல் வையுங்கள். ஓலைக் கீற்று வழியே வெளிச்சம் போகும், மழைத்துளியும் மண்ணில் நேராக அறையாது. மூன்று வாரம் கழித்து எடுத்துவிடலாம்.

முற்றம் தூத்துவது அடுத்த பிரச்சினை. ஈர்க்கு வாரியலை அழுத்திக் குறுக்கே வீசினால் புதுக் கொடி வேரோடு வரும். எங்கள் வீட்டில் மைனிதான் காலையில் தூப்பார். இரண்டு மாதம் மட்டும் கல்லின் நீளவாக்கிலேயே, கை எடை கொடுக்காமல் தூத்துப் பாருங்கள் மைனி என்று கேட்டுக்கொண்டேன். அவரே பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார், சருகைக் கையால் பொறுக்கிவிட்டு, தூசிக்கு மட்டும் மெல்லிய பூந்துடைப்பம். வீட்டில் முற்றம் தூத்துகிறவர்களிடம் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஆனால் சருகை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. அகலமான அயினி இலை ஒன்று மழையில் நனைந்து இடுக்கின் மேல் நான்கு நாள் ஒட்டிக்கிடந்தால், அடியில் செடி வெளுத்துவிடும்.

களையை வாரம் ஒருமுறை, மழைக்குப் பிறகு, கையால் பிடுங்குங்கள். கோரை மட்டும் பிடுங்கினால் அறுந்து கிழங்கு உள்ளேயே நிற்கும். பழைய ஸ்க்ரூடிரைவரை ஓரமாக விட்டு நெம்பி, கிழங்கோடு எடுக்கவேண்டும். களைக்கொல்லி அடிக்கக்கூடாது. இடுக்கில் இறங்குகிறது கிணற்றுக்கும் இறங்கும்.

பிறகு வரும் வருடங்கள்

பாசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடி மாதத்தில் எங்கள் அத்தை முற்றத்துக் கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இடுக்கில் செடி வைத்ததால் பாசி வந்தது என்று சொன்னவர்கள் உண்டு. காரணம் செடி இல்லை, கல். கல் பாலிஷ் போட்டது, நிழலில் இருந்தது, வாட்டம் குறைவு. மேற்குப் பக்கத்து வீடுகளில் வழவழப்பான கடப்பா, தந்தூர் கல்லை வெளியே போடவே கூடாது. சொரசொரப்பான முகமுள்ள கல்லாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டால், மழை தொடங்கும் முன்பு ஒரு தடவையும் நடுவில் இரண்டு தடவையும், தேங்காய்க் கதம்பையோ நார் பிரஷ்ஷோ கொண்டு மணலும் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் பாசியை எடுக்கும், இடுக்குச் செடியையும் சேர்த்து எடுத்துவிடும்.

பாம்பு வந்து ஒளியுமோ என்ற பயம் நியாயமானது. இரண்டு இஞ்ச் உயரச் செடியில் பாம்பு மறைவது கடினம். அதனால்தான் வெட்டி உயரத்தைக் கட்டுப்படுத்துவது அழகுக்கு மட்டும் இல்லை. அதே காரணத்துக்காக, எலி குடியேறுகிற மாதிரிக் கல் அடியில் பொந்து விழுந்தால் உடனே மண்ணும் சல்லியும் போட்டு அடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் நத்தை வல்லாரையைத் தின்னும், இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்துகிற இடத்தில் டயர் உருள்வதைப் பொடுதலையும் மெல்லிய இலைப் புல்லும் தாங்கும். நாள் முழுக்க கார் நின்று வெளிச்சம் மறைக்கிற இடத்தில் எதுவும் வராது, ஆயில் சொட்டுகிற இடத்திலும் வராது. அந்த இடுக்குகளில் கூழாங்கல் போடுங்கள்.

வருடம் ஒருமுறை, ஆவணியில், மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கியிருந்தால் மணலும் மக்கிய உரமும் சம அளவில் கலந்து, செடியின் மேலேயே தூவி, தண்ணீர் தெளித்துவிடுங்கள். பொடுதலையும் வல்லாரையும் அந்தப் புது மண்ணுக்குள் மறுபடி வேர் விடும். அங்கங்கே பட்டுப்போன இடத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். கல்லின் மேல் ஏறிய கொடியைக் கத்தரிக்கிறீர்களே, அதையே நான்கு கணுவாக நறுக்கி, பட்டுப்போன இடத்தில் அன்று சாயங்காலமே படுக்க வைத்து அழுத்துங்கள்.